ஒரு டேனிஷ் நாற்காலியை அடி முதல் நுனி வரை அறிந்துகொள்ள: கார்ல் ஹான்சன் அண்ட் சொன் பட்டறையும் 'ஒய்' நாற்காலியும் – முழுமையான வழிகாட்டி

1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தார்கள். அன்று கென்னடி அமர்ந்திருந்த நாற்காலி டென்மார்க்கில் செய்யப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஹான்ஸ் வெக்னர் என்பதை மரச்சாமான்களில் ஆர்வமுள்ள யாரும் சொல்லிவிடுவார்கள். செய்தது எந்தப் பட்டறை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கோபன்ஹேகனில் யோஹான்னஸ் ஹான்சன் என்ற தச்சு ஆசான் நடத்திய பட்டறை அது. அங்கே மேஸ்திரியாக இருந்தவர் நில்ஸ் தொம்சன். 1949இல் அந்த நாற்காலி முதன்முதலில் வெளிவந்தபோது, முதுகுச் சட்டத்தின் இணைப்புகளைப் பிரம்பு சுற்றி மறைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டிலேயே பிரம்பு போய்விட்டது. பல்லும் பல்லும் கோத்தது போன்ற இணைப்பை அத்தனை சுத்தமாகச் செய்ய முடிந்ததால், அதை எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியே விட்டார்கள். அந்தத் துணிவை வெறும் வரைபடத்தால் தந்திருக்க முடியாது. அதைத் தந்தது பட்டறை.

டேனிஷ் மரச்சாமான்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்: வடிவமைப்பாளரின் பெயர் நிற்கிறது, செய்த கைகளின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பட்டறையின் பக்கமிருந்து தொடங்குகிறேன். எடுத்துக்கொண்டது இன்னொரு நிறுவனம், அதன் ஒரே நாற்காலி; கென்னடி அமர்ந்தது அல்ல. நிறுவனம் கார்ல் ஹான்சன் அண்ட் சொன். நாற்காலியின் பட்டியல் எண் சி.எச். 24. முதுகில் உள்ள பலகையின் வடிவத்தால் உலகம் முழுவதும் 'ஒய்' நாற்காலி என்றும் விஷ்போன் (பறவையின் கவட்டை நெஞ்செலும்பு) நாற்காலி என்றும் அழைக்கப்படுகிறது. இந்த ஒன்றை முழுதாக அறிந்துகொண்டால், மற்ற டேனிஷ் நாற்காலிகளில் எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பது தானே பிடிபடும்.

படி 1: பட்டறையின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

டென்மார்க்கின் ஃபின் தீவில் உள்ள ஓடென்ஸே நகரில் 1908இல் கார்ல் ஹான்சன் தம் பட்டறையைத் தொடங்கினார். வாடிக்கையாளர் கேட்டபடி செய்துகொடுக்கும் தச்சுப் பட்டறையாக அது இருந்தது. 1930களில் அவர் உடல்நலம் குன்றியபோது மகன் ஹோல்கர் ஹான்சன் பொறுப்பேற்றார். பெயரில் உள்ள 'சொன்' என்ற பகுதி, அதாவது மகன், அவரைத்தான் குறிக்கிறது.

திருப்பம் வந்தது 1949இல். அய்விண்ட் கோல்ட் கிறிஸ்டென்சன் என்ற விற்பனையாளர், அப்போது இன்னும் பெரிதாகப் பெயர் பெறாத வெக்னரை ஹோல்கர் ஹான்சனிடம் அழைத்து வந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மக்கள் சிறிய வீடுகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். தாத்தா காலத்துக் கனமான சாமான்கள் அந்த வீடுகளுக்குப் பொருந்தவில்லை. அப்படிப்பட்ட வேளையில், ஒரு புதியவரின் சிக்கலான வரைபடங்களை நம்பி ஒரு குடும்பப் பட்டறை இயந்திரங்களையும் ஆட்களையும் ஈடுபடுத்தியது. சி.எச். 22, 23, 24, 25 என்ற எண்களில் வந்த நாற்காலிகள் அந்த நம்பிக்கையின் விளைவு. அவற்றில் 24ஆம் எண் 1950இல் உற்பத்திக்கு வந்து இன்றுவரை நிற்காமல் செய்யப்பட்டுவருகிறது.

1951இல் இன்னொரு முக்கியமான வேலை நடந்தது. வெக்னரின் வடிவங்களைச் செய்துகொண்டிருந்த ஐந்து நிறுவனங்கள் சேல்ஸ்கோ என்ற பொது விற்பனை அமைப்பை உருவாக்கின. கார்ல் ஹான்சன், கெட்டாமா, ஆண்ட்ரியாஸ் டுக், ஏ.பி. ஸ்டோலன், ரூ மோப்லர் ஆகியவையே அந்த ஐந்தும். ஒவ்வொன்றுக்கும் ஒரு திறமை. ஒன்றுக்கு மேசை, ஒன்றுக்கு மெத்தை வைத்த இருக்கை, ஒன்றுக்கு அலமாரி, கார்ல் ஹான்சனுக்கு மர நாற்காலி. ஒருவர் துறையில் மற்றவர் கைவைக்காமல், ஒரே வடிவமைப்பாளரின் கீழ் ஒரு வீட்டுக்குத் தேவையான அத்தனையையும் சேர்ந்து விற்றார்கள். டேனிஷ் மரச்சாமான் வெளிநாடுகளில் பரவியதற்கு அழகு மட்டும் காரணம் என்று நினைப்பவர்கள் இந்த ஏற்பாட்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஹோல்கர் ஹான்சன் 1962இல் இறந்தார். அதன்பின் அவர் மனைவி எல்லா ஹான்சன் நிறுவனத்தைக் காப்பாற்றினார். 1988இல் மகன் யோர்கன் கெர்னர் ஹான்சனும், 2002இல் அவர் தம்பி க்னுட் எரிக் ஹான்சனும் பொறுப்புக்கு வந்தார்கள். 2003இல் ஃபின் தீவிலேயே உள்ள ஓருப் என்ற ஊரில் புதிய தொழிற்சாலை. 2011இல், 1869ஆம் ஆண்டிலிருந்து கோபன்ஹேகனில் இயங்கிவந்த ரூட் ராஸ்முசன் என்ற பழம்பெரும் பட்டறையும் இவர்கள் கைக்கு வந்தது. அதோடு வெக்னருக்கு முந்தைய தலைமுறை வடிவமைப்பாளரான கோரே கிளிண்ட்டின் வடிவங்களும் வந்தன.

படி 2: வடிவமைத்தவரின் கை எங்கே பழகியது என்று பாருங்கள்

வெக்னர் 1914இல், இன்று டென்மார்க்கின் தெற்கு எல்லையில் உள்ள டோண்டரில் பிறந்தார். அந்தக் காலத்தில் அந்த ஊர் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. தந்தை செருப்புத் தைப்பவர். சிறுவனாக இருக்கும்போதே ஸ்டால்பெர்க் என்ற தச்சு ஆசானிடம் வேலை பழகச் சேர்ந்து, 17 வயதில் பயிற்சியை முடித்தார். வடிவமைப்புப் பள்ளிக்குப் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான். மரத்தை அறுத்து, இழைத்து, பொருத்தத் தெரிந்த கையோடு வரைய உட்கார்ந்தவர் அவர். தம் வாழ்நாளில் 500க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வடிவமைத்தார். 2007இல் காலமானார்.

அவருக்கு முந்தைய தலைமுறையில் கோரே கிளிண்ட் இருந்தார். கோபன்ஹேகனில் உள்ள அரச கலைக்கழகத்தில் 1924இல் மரச்சாமான் வடிவமைப்புக்கெனத் தனித்துறை தொடங்கியபோது அதற்கு ஆசிரியராக அமைந்தவர் அவர். மனித உடலின் அளவுகளையும், வீட்டில் வைக்கும் பொருள்களின் அளவுகளையும் அளந்து, அதிலிருந்து மரச்சாமானின் அளவைக் கணக்கிட மாணவர்களைப் பழக்கினார். பழைய வடிவங்களைத் தூக்கி எறியாதே, அவற்றை அளந்து பார்த்துத் திருத்து என்பது அவர் போக்கு. கோபன்ஹேகன் தச்சு ஆசான்களின் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சிகளில் வடிவமைப்பாளர்களும் பட்டறைகளும் இணையாகப் பங்கேற்றார்கள். இந்த இரண்டும் சேர்ந்த மண்ணில்தான் வெக்னர் முளைத்தார்.

அந்தப் பழக்கத்துக்கு 'ஒய்' நாற்காலியே நல்ல சான்று. சீனாவின் மிங் காலத்து நாற்காலிகளின் படங்களைப் பார்த்து, 1944இல் ஃபிரிட்ஸ் ஹான்சன் நிறுவனத்துக்காக 'சீன நாற்காலி' ஒன்றை வெக்னர் வடிவமைத்தார். முதுகையும் கைகளையும் ஒரே அரைவட்டமாகத் தழுவிவரும் சட்டம் அதன் உயிர். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அதையே குறைத்துக்கொண்டே வந்தார். செதுக்கல் குறைந்தது, எடை குறைந்தது, துண்டுகள் குறைந்தன. அந்த வரிசையில் வந்ததுதான் 1949இல் வரைந்த சி.எச். 24.

படி 3: சற்றுத் தள்ளி நின்று அமைப்பைப் பாருங்கள்

இன்றைய 'ஒய்' நாற்காலி 55 செ.மீ. அகலம், 51 செ.மீ. ஆழம், 76 செ.மீ. உயரம். இருக்கை தரையிலிருந்து 45 செ.மீ. முன்பு இருக்கை இதைவிட 2 செ.மீ. தாழ்வாக இருந்தது. பழைய நாற்காலிகளையும் புதியவற்றையும் ஒரே மேசைக்குச் சேர்த்து வாங்க நினைப்பவர்கள் இதை அளந்துகொள்ள வேண்டும்.

மேலே அரைவட்டமாக ஒரு சட்டம். அதுவே முதுகு, அதுவே கைப்பிடி. பின்கால்கள் இரண்டும் எழும்பிச் சென்று அதைத் தாங்குகின்றன. ஆனால் சாய்பவரின் பாரம் சட்டத்தின் நடுவில் விழும். அங்கே தாங்க யாரும் இல்லை. அந்த வேலைக்காக வந்ததுதான் 'ஒய்' வடிவப் பலகை. கீழே ஒற்றைத் தண்டாக இருக்கைச் சட்டத்தில் ஊன்றி, மேலே இரண்டாகப் பிரிந்து வளைவைத் தாங்குகிறது. அலங்காரம் என்று பலர் நினைக்கும் துண்டு, உண்மையில் அந்த நாற்காலியின் கட்டுமானத்தை முடித்துவைக்கும் துண்டு.

கைப்பிடியின் நீளத்தையும் கவனியுங்கள். முன்கால் வரை வராமல் பாதியிலேயே நின்றுவிடும். முழங்கை ஊன்றப் போதும், மேசைக்கு நெருங்கி உட்காரவும் தடை இல்லை. முன்கால்கள் மேல்நோக்கி நீளாததால் பக்கவாட்டில் திரும்பி உட்காரவும் முடியும்.

படி 4: மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பீச், ஓக், ஆஷ், வால்நட், செர்ரி ஆகியவை இந்த நாற்காலிக்கு வழக்கமான மரங்கள். பீச் நெருக்கமான இழை உடையது, வெளிர்நிறம், வளைக்க எளிது, விலையும் குறைவு. ஓக்கில் துளைகள் கண்ணுக்குத் தெரியும், ரேகை அழுத்தமாக இருக்கும். ஆஷ் ஓக்கைப் போலவே தெரிந்தாலும் இன்னும் வெளுப்பு, வளைந்து கொடுப்பதில் சிறந்தது. வால்நட் தொடக்கத்தில் கருமை, ஆண்டுகள் போகப்போக வெளிச்சம் பட்டு நிறம் வெளிறும். செர்ரி நேர்மாறாகச் சிவந்து கருக்கும். ஓக்கும் பீச்சும் மெல்ல மஞ்சள் ஏறும்.

என்னைக் கேட்டால், முதன்முதலில் வாங்குபவர் ஓக்கைத் தேர்ந்தெடுக்கலாம். அடி பட்டாலும் தாங்கும், சோப்பு மேற்பூச்சு (படி 7இல் சொல்கிறேன்) அதில் நன்றாக இறங்கும், தழும்புகளும் ரேகையோடு கலந்துவிடும்.

ஒரே நாற்காலியின் துண்டுகள் நிறத்திலும் ரேகையிலும் ஒத்துப்போக வேண்டும். அதற்காகப் பலகைகளைத் தரம்பிரித்து அடுக்கும் வேலை தொழிற்சாலையில் அறுக்கத் தொடங்குவதற்கு முன்பே நடக்கிறது. முடிச்சு, வெடிப்பு, வெளிமரத்தின் வெளுப்பு எல்லாம் கழிக்கப்படும். மரத்தில் ஈரம் மிஞ்சியிருந்தாலும் பிறகு பொருத்துகள் தளரும் என்பதால், உலர்த்துவதும் அதே கண்டிப்போடு நடக்கும்.

படி 5: பின்காலையும் வளைவையும் கையால் தடவிப் பாருங்கள்

இங்கேதான் இந்த நாற்காலியின் மேதைமை இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

பின்காலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வளைவு, பின்னாலிருந்து பார்த்தால் இன்னொரு வளைவு. மரத்தை ஆவியில் வேகவைத்து இரண்டு திசையில் முறுக்கியிருக்கிறார்கள் என்றே தோன்றும். அப்படி இல்லை. தட்டையான ஒரு கட்டிப் பலகையிலிருந்து ஒரே திசையில் வளைவாக அறுத்து, பிறகு உருட்டி எடுத்த கால் அது. அதைச் சட்டத்தில் சாய்வான கோணத்தில் பொருத்தியதால் எல்லாத் திசையிலும் வளைந்திருப்பதாகக் கண்ணுக்குத் தோற்றம் கிடைக்கிறது. பலகை வீணாவது குறைவு, இயந்திரத்தில் வெட்ட முடிகிறது, வலுவும் குறையவில்லை. அறுப்பும் இழைப்பும் கையில் ஊறிய ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும்.

மேலே உள்ள அரைவட்டச் சட்டம் உண்மையாகவே ஆவியில் வளைக்கப்பட்டது. கட்டி மரக் குச்சியைக் கொதிநீராவியில் வைத்தால், அதன் நார்களைப் பிணைத்திருக்கும் பொருள் இளகும். அந்தச் சூடு ஆறுவதற்குள் அச்சில் வளைத்துப் பூட்டி, அந்த நிலையிலேயே உலரவிட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் பழைய நேர்க்கோட்டுக்குத் திரும்பப் பார்க்கும். வளைவின் வெளிப்புறத்தில் நார் இழுபடும், உட்புறத்தில் நெருக்குண்ணும். ரேகை குறுக்கே ஓடும் குச்சியாக இருந்தால் அங்கேயே பிளந்துவிடும். அதனால் நேரான இழையோட்டம் உள்ள துண்டுகளே இதற்குத் தேறும். வளைந்து காய்ந்தபின் அதைச் செதுக்கி, முதுகு படும் இடத்தையும் கை முடியும் இடத்தையும் வெவ்வேறு பருமனில் வடிவாக்குவார்கள்.

'ஒய்' பலகையின் கதை வேறு. மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி, பசையிட்டு, வளைந்த அச்சில் அழுத்திச் செய்வது. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றம்: இத்தனை விலை உள்ள நாற்காலியில் பிளைவுட்டா? அந்த இடத்தில் அதுவே சரியான தேர்வு. இரண்டாகப் பிரியும் மெல்லிய வடிவத்தைக் கட்டி மரத்தில் அறுத்தால், ஏதோ ஒரு கிளையில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, சாயும்போது முறியும். தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டால் அந்தப் பலவீனம் இல்லை.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பவை கழுந்துப் பொருத்துகள். ஒரு துண்டின் நுனியை மெலிதாக்கி, மற்றதில் குடைந்த துளைக்குள் பசையோடு செருகும் அதே பழைய முறை. ஆணி, திருகு எதுவும் பாரத்தைத் தாங்குவதில்லை. பொருத்து இடத்தில் விரலை ஓட்டுங்கள். பசைக் கசிவோ இடுக்கோ படியோ நகத்தில் தட்டக் கூடாது. கடைசியாக உப்புத்தாள் போட்டு இழைப்பது இன்னும் கைவேலைதான். கால் கைப்பிடியைச் சந்திக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இழைத்தவர் பொறுமையானவரா அவசரக்காரரா என்பது அந்த ஓர் இடத்தில் தெரிந்துவிடும்.

மொத்தம் 100க்கும் மேற்பட்ட வேலைப் படிகள். அவற்றில் பெரும்பாலானவை கையால் நடப்பவை என்று நிறுவனம் சொல்கிறது. அறுப்பதிலும் துளையிடுவதிலும் இயந்திரம் நுழைந்து பல காலம் ஆகிறது. அதை இவர்கள் மறைப்பதும் இல்லை. எது துல்லியமாகத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டுமோ அது இயந்திரத்துக்கு. எங்கே கண்ணும் தோலும் முடிவெடுக்க வேண்டுமோ அது மனிதருக்கு.

படி 6: இருக்கையை மேலும் கீழும் பாருங்கள்

பிரம்பு என்று பலரும் நினைக்கும் இந்த இருக்கை, உண்மையில் காகிதத்தால் ஆனது. உறுதியான பழுப்புக் காகிதத்தை முறுக்கிப் புரிகளாக்கி, மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு அது. இரண்டாம் உலகப் போரின்போது கடற்புல் போன்ற இறக்குமதி நார்கள் கிடைக்காமல் போக, அதற்கு மாற்றாக டென்மார்க்கில் காகிதக் கயிறு பயன்பாட்டுக்கு வந்தது. தட்டுப்பாட்டில் வந்த பொருள், தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் நிலைத்துவிட்டது. காரணம் எளிது: ஒரே பருமன், நீளத்துக்குக் குறைவில்லை, இழுத்துக் கட்டினால் இறுக்கம் நிற்கிறது, பல பத்தாண்டுகள் உழைக்கிறது.

ஒரு 'ஒய்' நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு செல்கிறது. தேர்ந்த கைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. புதிதாகப் பழகுபவருக்கு ஒரு நாளே போய்விடும், அப்போதும் வரிகள் கோணும்.

பின்னும் முறை இப்படி:

முதலில் இருக்கைச் சட்டம் நான்கு பக்கமும் சமமல்ல என்பதைக் கவனியுங்கள். முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். அதனால் பின்னலை நேரே சுற்றத் தொடங்க முடியாது. முன்பக்கத்து இரு மூலைகளிலும் மட்டும் முதலில் கயிற்றைச் சுற்றி, மிச்ச அகலம் பின்பக்கத்துக்குச் சமமாகும்வரை நிரப்ப வேண்டும். இந்த நிரப்பலில் இரு மூலையிலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும்.

அதன்பின் சுற்று தொடங்கும். கயிறு முன் சட்டத்தின் மேலாகப் போய், அடியில் வந்து, நடுவின் வழியாக மேலேறி, பக்கச் சட்டத்தைச் சுற்றும். அங்கிருந்து குறுக்கே எதிர்ப்பக்கச் சட்டத்துக்குச் சென்று அதே வேலையைச் செய்து, முன் சட்டத்துக்குத் திரும்பி, பின் மூலைகளுக்குப் போகும். இப்படி நான்கு மூலைகளையும் மாறிமாறிச் சுற்றச் சுற்ற, மூலையிலிருந்து நடுவை நோக்கி நான்கு மூலைவிட்டக் கோடுகள் உருவாகும். முடித்த பின் பார்த்தால் தபால் உறையின் பின்புறம் போல நான்கு முக்கோணங்கள் தெரியும். பக்கங்கள் நிரம்பிய பிறகு நடுவில் மிஞ்சும் இடைவெளியை முன்னும் பின்னுமாக ஓடும் கயிறு அடைக்கும்.

ஒவ்வொரு சுற்றையும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை மரச் சுத்தியலால் தட்டி வரிகளை நெருக்கிச் சதுரமாக்க வேண்டும். ஒரு மூலையில் அரைக் கயிறு அளவு கோணல் விழுந்தால், நடுவுக்கு வரும்போது அது பெருகி, மூலைவிட்டக் கோடு வளைந்து நிற்கும். அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. கயிறு தீரும்போது போடும் முடிச்சுகள் எல்லாம் அடிப்பக்கத்தில், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மறைய வேண்டும்.

ஆகவே நாற்காலியைத் தயங்காமல் கவிழ்த்துப் பாருங்கள். மேற்புறத்தின் அதே ஒழுங்கு அடியிலும் இருந்தால் அது நல்ல கை. மேலே ஒழுங்கும் கீழே குழப்பமும் இருந்தால், பார்வைக்காக மட்டும் உழைத்திருக்கிறார்கள்.

படி 7: மேற்பூச்சைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு வழிகள் உண்டு: சோப்பு, எண்ணெய், வார்னிஷ் போன்ற மெல்லிய லேக்கர் பூச்சு, வண்ணம். சோப்பு டேனிஷ் வழக்கம். தூய சோப்புச் சீவல்களை நீரில் கரைத்து மரத்தில் தேய்த்தால், நீர் காய்ந்து கொழுப்புப் பகுதி துளைகளில் தங்கி அழுக்கைத் தள்ளி நிற்கும். வெளிர் மரம் வெளிராகவே இருக்கும், தொட்டால் மரமாகவே இருக்கும். ஆனால் சாம்பார் சிந்தினால் கறை பிடிக்கும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் லேக்கரே நல்லது. வால்நட் போன்ற கருமரங்களுக்கு எண்ணெய்.

படி 8: அசலா என்று சோதியுங்கள்

உலகில் மிக அதிகமாக நகல் எடுக்கப்பட்ட நாற்காலிகளில் இதுவும் ஒன்று. ஜப்பானில் இந்த நாற்காலிக்கு ரசிகர்கள் ஏராளம். அங்கே நகல்களை எதிர்த்து நடந்த நீண்ட போராட்டத்தின் முடிவில், இதன் முப்பரிமாண வடிவமே வணிகச் சின்னமாகப் பதிவு பெறத் தகுதியானது என்று அறிவுசார் சொத்துரிமை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஒரு நாற்காலியின் வடிவத்தைப் பார்த்தாலே செய்தவர் யார் என்று மக்களுக்குத் தெரிகிறது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சோதனையைப் பின்கால்களிலிருந்து தொடங்குங்கள். நகல்களில் கால்கள் தடித்திருக்கும், அல்லது வளைவு சட்டென்று முறிந்து திரும்பும். அசலில் பருமன் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அடுத்து அரைவட்டச் சட்டம்: வளைவு நெடுகிலும் ரேகை தொடர்ந்து ஓடுகிறதா, அல்லது பல துண்டுகளை ஒட்டி வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்களா? 'ஒய்' பலகை மேல் சட்டத்துக்குள் நுழையும் இரு வாய்களில் இடுக்கு இருக்கக் கூடாது. இருக்கையில் மூலைவிட்டக் கோடுகள் நூல்பிடித்தது போல வர வேண்டும். கயிற்றுக்குப் பதில் பிளாஸ்டிக் கலந்த இழை இருந்தால் விரலில் வழுக்கும்.

அடையாளக் குறி கடைசிச் சோதனை. இருக்கைச் சட்டத்தின் உட்புறத்தில் நிறுவனத்தின் முத்திரையோ சீட்டோ இருக்கும். பழைய டேனிஷ் சாமான்கள் பலவற்றில் 1959இல் தொடங்கிய டேனிஷ் மரச்சாமான் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் வட்ட முத்திரையையும் காணலாம். முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சீட்டை ஒட்டுவது எளிது, காலைச் சரியாக வளைப்பதுதான் கடினம்.

படி 9: பழைய நாற்காலி வாங்குவதானால்

உட்கார்ந்து பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். கிரீச் சத்தம் வந்தால் பொருத்துப் பசை விட்டிருக்கிறது. இது பயப்பட வேண்டிய பழுதல்ல. நல்ல தச்சர் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிதாக ஒட்டி இறுக்கிவிடுவார். பயப்பட வேண்டியவை இரண்டு: காலில் ரேகை வழியே ஓடும் வெடிப்பு, யாரோ இணைப்பில் அறைந்த ஆணி. ஆணி பொருத்தைப் பிளக்கும், துருப்பிடித்து ஓக்கைக் கருக்கும்.

கயிறு நைந்திருந்தால் அதைக் குறையாகக் கருத வேண்டாம். மாற்றிப் பின்னுவதற்கென்றே அமைந்த இருக்கை அது. அந்தச் செலவைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.

பிரேசில் ஈட்டி மரத்தில் செய்த பழைய டேனிஷ் சாமான்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1992 முதல் அந்த மரம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மிகக் கண்டிப்பான பட்டியலில் இருக்கிறது. உரிய ஆவணம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுவந்தால் சுங்கத்தில் சிக்கும். விற்பவரிடம் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.

படி 10: பராமரிப்பு

சோப்புப் பூச்சு உள்ள நாற்காலியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழுவினால் போதும். பொட்டலத்தில் சொன்ன அளவில் சோப்புச் சீவல்களை வெதுவெதுப்பான நீரில் கரைத்து நுரைக்கவிடுங்கள். மெல்லிய துணியில் நுரையை எடுத்து, ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். ஒரு காலைத் தேய்த்தால் அந்தக் கால் முழுவதையும் ஒரே மூச்சில் முடியுங்கள், இல்லாவிட்டால் ஈரக் கோடு தெரியும். பிழிந்த துணியால் மிச்சத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்தபின் நார் எழும்பிச் சொரசொரப்பாக இருந்தால், மிக நைஸான உப்புத்தாளால் ரேகையோடு இலேசாக வருடிவிடுங்கள். எண்ணெய்ப் பூச்சானால், எண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதை முழுதாகத் துடைத்து எடுக்க வேண்டும். எண்ணெய்த் துணியைக் கசக்கிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். குவித்து வைத்த துணி தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

காகிதக் கயிற்றில் ஏதாவது சிந்தினால் உடனே ஒற்றி எடுத்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். ஊறவைத்துக் கழுவக் கூடாது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டம் விடுங்கள். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தையும், சன்னல் வெயில் விழும் இடத்தையும் தவிருங்கள். நாள்தோறும் ஈரமும் வறட்சியும் மாறிமாறி வந்தால் பொருத்துகள்தான் முதலில் களைக்கும்.

படி 11: வாய்ப்பிருந்தால் நேரில் பாருங்கள்

கோபன்ஹேகனில் டேனிஷ் வடிவமைப்பு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய மருத்துவமனைக் கட்டடத்தை 1920களில் அருங்காட்சியகமாக மாற்றியமைத்ததில் கோரே கிளிண்ட்டுக்கும் பங்கு உண்டு. அங்குள்ள நாற்காலித் தொகுப்பை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தால், சீன நாற்காலியிலிருந்து 'ஒய்' வரை வந்த குறைப்பு கண்முன் விரியும். வெக்னர் பிறந்த டோண்டரில் பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தையே அவர் நாற்காலிகளுக்கான அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். கோல்டிங் ஊரின் டிராப்ஹோல்ட் அருங்காட்சியகத்திலும் நல்ல தொகுப்பு உண்டு. அருங்காட்சியகத்தில் கவிழ்த்துப் பார்க்க விடமாட்டார்கள். அதற்குப் பழைய சாமான் கடைகளே வசதி. கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள், கையில் ஒரு சிறிய டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், இருக்கைச் சட்டத்தின் உட்புறத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.